நடை பிடிக்காதவர்களுக்கு வேறு என்ன? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 38 வயது. கந்தோரில் கதிரையில் இருந்து செய்கிற வேலை. மூன்று தடவை நடக்கத் தொடங்கினேன். மூன்று தடவையும் இரண்டு கிழமையில் விட்டுவிட்டேன். நடை சலிக்கிறது. எனக்குப் பிடித்த பயிற்சி எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகி, பரந்தன்)

பதில்: தங்கச்சி, நடை பிடிக்கவில்லையா, நடந்த விதம் பிடிக்கவில்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். அநேகமானோர் முதல் நாளே நாலு கிலோமீற்றர் வேகமாக நடப்பார்கள். மூன்றாம் நாள் கெண்டைக்கால் உளையும். அந்த உளைவோடு ஒரு கிழமை இழுத்துப் பார்த்துவிட்டு, "நடை எனக்குச் சரிவராது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அளவுக்கு மிஞ்சி நடந்ததால் வந்த நோவுக்கு நடையே பழியை ஏற்கிறது.

வேகத்துக்கு ஓர் எளிய அளவு உண்டு. பக்கத்தில் வருபவரோடு முழு வசனமாகக் கதைக்க முடிய வேண்டும்; பாட்டுப் பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் வேகம் காணாது. இரண்டு சொல்லுக்கு ஒருக்கால் மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது. முதற் கிழமை 10 நிமிடம், கிழமைக்கு ஐந்து நாள். ஒவ்வொரு கிழமையும் 5 நிமிடம் கூட்டுங்கள். ஐந்தாம் கிழமை 30 நிமிடத்தில் நிற்பீர்கள். ஐந்து நாளைக்கு 150 நிமிடம். வளர்ந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவும் அதுதான். அதோடு கிழமையில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். கைப்பிடி இல்லாத கதிரையில் இருந்து கையூன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருப்பதும், சுவரில் கையூன்றி உடம்பைத் தள்ளுவதும் தொடக்கத்துக்குப் போதும்.

இப்படி நடந்தும் சலித்தால், பதினைந்து பதினாறு வயதில் பின்னேரம் நேரம் போனதே தெரியாமல் எதைச் செய்தீர்கள் என்று யோசியுங்கள். வலைப்பந்தாட்டமா, கிளித்தட்டா, கோலாட்டமா, தோழிகளோடு சைக்கிளில் ரியூசனுக்குப் போனதா? எதிராளி இருந்தால்தான் உற்சாகம் வருகிறவருக்குத் தனி நடை ஒருநாளும் ஒட்டாது. தாளத்துக்கு உடம்பு அசைகிறவருக்குக் கும்மியும் கோலாட்டமும் நல்ல பயிற்சி. 20 நிமிடம் விடாமல் ஆடினால் நடையைவிட மூச்சு வாங்கும். தனிமை வேண்டியவருக்கு நடை, சைக்கிள், தோட்டம்.

கிளித்தட்டை நாங்கள் விரும்பியே சிபாரிசு செய்கிறோம். வளவில் சாம்பலால் கோடு போட்டு, இரண்டு பக்கமும் நாலைந்து பேர் சேர்ந்தால் சரி. திடீரென்று ஓடுவதும் திடீரென்று நிற்பதும் இதயத்துக்கும் காலுக்கும் ஒன்றாக வேலை கொடுக்கும். ஆனால் அந்த 'திடீர்' நிற்பில்தான் கணுக்கால் மடங்கும். முதலில் ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து, கணுக்காலை இரண்டு பக்கமும் பத்துப் பத்துத் தரம் சுழற்றிவிட்டு இறங்குங்கள். கல்லையும் முள்ளையும் முன்கூட்டியே பொறுக்கிவிடுங்கள்.

எதைத் தெரிவுசெய்தாலும் மூன்று கிழமையில் ஆறு தரம் செய்து பாருங்கள். முதல் பத்து நிமிடத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இதயமும் மூச்சும் வேலையின் அளவுக்கு வந்துசேரும் வரை எந்தப் பயிற்சியும் பாரமாகத்தான் இருக்கும். முடிந்து ஒரு மணித்தியாலத்தின் பின் உடம்பு இலேசாக இருக்கிறதா, அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறதா என்பதைக் குசினிக் கலண்டரில் ஒரு சொல்லாக எழுதுங்கள். ஆறில் நாலு 'இலேசு' என்றால் அதை வைத்திருங்கள். இல்லாவிட்டால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

கேள்வி: 52 வயது. நடையைவிடச் சைக்கிள்தான் எனக்கு விருப்பம். ஆனால் 5 கிலோமீற்றர் ஓடினால் முழங்காலின் முன்பக்கம் நோகிறது. சைக்கிளை விட்டுவிடவா? (வாசகர், மாங்குளம்)

பதில்: விடாதீர்கள் ஐயா. முழங்காலின் முன்பக்கம் நோவதென்றால் முதலில் சீற்றின் உயரத்தைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பலரும் இரண்டு காலும் முழுதாக நிலத்தில் படும்படி சீற்றைப் பதித்து வைத்திருப்பார்கள். இறங்கி ஏற வசதிதான். ஆனால் பெடல் மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மிஞ்சி மடங்கி, சிரட்டை எலும்பு தொடை எலும்போடு இறுகி அமர்ந்தபடியே மிதிக்க வேண்டிவருகிறது. ஒவ்வொரு மிதிக்கும் இது நடந்தால் நோகாமல் என்ன செய்யும்?

சரிசெய்வது இப்படி. சைக்கிளைச் சுவரோரமாக நிறுத்தி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, வழமையாகப் போடும் செருப்போடு சீற்றில் இருங்கள். ஒரு பெடலை ஆகக் கீழே கொண்டுவந்து அதில் குதிக்காலை வையுங்கள். முழங்கால் நேராக நீள வேண்டும். ஆனால் அதற்காக இடுப்புச் சாயக்கூடாது. ஓடும்போது குதிக்காலால் மிதிப்பதில்லை, பெருவிரலின் அடிமேடு பெடலின் நடுவில் இருக்கும். அப்போது முழங்கால் தானாகவே சற்று மடிந்து நிற்கும். அந்தச் சிறு மடிப்புத்தான் வேண்டியது.

சீற் பதிவாக இருந்தால் ஒரேயடியாக உயர்த்தாதீர்கள். நட்டை இளக்கி ஒரு சென்ரிமீற்றர் உயர்த்தி, இறுக்கி, மூன்று நாள் ஓடுங்கள். பிறகு இன்னொரு சென்ரிமீற்றர். உயரம் கூடிவிட்டால் அதற்கும் அடையாளம் உண்டு: முழங்காலின் பின்பக்கம் இழுக்கும், பின்னால் வருபவர் பார்த்தால் உங்கள் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும். அப்போது அரைச் சென்ரிமீற்றர் இறக்குங்கள். சீற் குழாயில் எல்லைக் கோடு இருந்தால் அதற்கு மேல் இழுக்கக்கூடாது. கோடு இல்லாத பழைய சைக்கிளில் 7 சென்ரிமீற்றராவது சட்டத்துக்குள் இருக்க விடுங்கள். இல்லாவிட்டால் குழாய் வளைந்துவிடும். சீற்றின் மூக்கு கீழே சரிந்திருந்தால் உடம்புப் பாரம் கையில் விழுந்து விரல் விறைக்கும். அதையும் மட்டமாக்குங்கள்.

அடுத்தது மிதிக்கிற வேகம். 15 செக்கனில் வலது முழங்கால் எத்தனை தரம் மேலே வருகிறது என்று எண்ணுங்கள். பதினைந்து தொடக்கம் பதினெட்டு என்றால் நல்லது. பத்துக்குக் குறைவென்றால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் கூடப் பாரம் தாங்குகிறது. கியர் இல்லாத சைக்கிளில் இதற்குப் பெரும்பாலும் காரணம் காற்றுப் போன ரயரும் காய்ந்த செயினும். ரயரின் பக்கச் சுவரிலேயே காற்றின் அளவு அச்சிடப்பட்டிருக்கும். கடையில் அந்த அளவுக்கு அடிக்கச் சொல்லி, பெருவிரலால் அழுத்திப் பார்த்து அந்த இறுக்கத்தை ஞாபகம் வைத்திருங்கள். கிழமைக்கு ஒருமுறை அழுத்திப் பார்த்தால் போதும்.

சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில், போகும்போது எதிர்காற்றும் திரும்பும்போது பின்காற்றும் வரும்படி வழியைத் தெரிவுசெய்யுங்கள். களைத்த நேரத்தில் காற்று முகத்தில் அடித்தால் அன்றைக்குச் சைக்கிளே வெறுத்துப்போகும். ஏ9 வீதியைவிட உள்வீதி நல்லது. முழங்கால் வீங்கினாலும், இடையில் பூட்டிக்கொண்டாலும், இரவில் நோவில் நித்திரை குழம்பினாலும் அது சீற் விடயமில்லை, வைத்தியரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நாங்கள் வயல் செய்கிறவர்கள். எங்களுக்கும் பயிற்சி வேண்டுமா? (வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: மண்வெட்டியால் வரம்பு கட்டுவதும், 16 லீற்றர் மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்து வயலுக்குள் நடப்பதும் நல்ல கடுமையான உழைப்பு. அந்த நாட்களில் வேறொன்றும் தேவையில்லை. ஆனால் விதைப்பும் வெட்டும் இப்போது மெசினிலேயே நடப்பதால் வேலை சில கிழமைகளில் குவிந்து, மற்ற மாதங்கள் சும்மா போகின்றன. சும்மா இருந்த உடம்பு திடீரென்று மண்வெட்டி பிடிப்பதால்தான் நாரி பிடிக்கிறது. இடைக்காலத்தில் வாரம் நாலைந்து நாள் சைக்கிளோ நடையோ வைத்திருங்கள். குனிந்து வேலை செய்த நாளில் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து, இடுப்பில் கையூன்றி மெதுவாகப் பின்னால் ஐந்து தரம் வளையுங்கள். தாகம் வருமுன் தண்ணீர் குடியுங்கள். சிறுநீரக வருத்தத்துக்குக் கிளினிக் போகிறவர்கள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று அங்கேயே கேளுங்கள்.

கேள்வி: 19 வயது. விடிய நாலரைக்குக் குளக்கட்டில் ஓட விருப்பம். 5 கிலோமீற்றர் ஓட எப்படிப் பழகுவது? (வாசகர், அக்கராயன்)

பதில்: தம்பி, நாலரை வேண்டாம். நிலம் தெளிவாகத் தெரியும் வரை பொறுங்கள். யானை வந்துபோகும் பக்கமென்றால் இருளில் தண்ணீருக்கு வந்தவை காட்டுக்குத் திரும்பும் நேரம் அது. புடையன் பாம்பும் பெரும்பாலும் இரவில்தான் திரியும். ஆட்கள் வழமையாக நடக்கும் பாதையை விட்டுப் பத்தைக்குள் இறங்காதீர்கள். கண்ணிவெடி என்று எச்சரிக்கும் மண்டையோட்டுச் சிவப்புப் பலகை இருக்கும் பக்கம் போகவே வேண்டாம். மழைக்குப் பிறகு மண் கரைந்து இரும்புப் பொருள் ஏதாவது தெரிந்தால் தொடாமல், வந்த அடியிலேயே திரும்பிப் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி எட்டுச் சுற்று. கிழமைக்கு மூன்று நாள், ஒன்றுவிட்ட ஒரு நாள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஓட்டத்தில் ஒரு நிமிடம் கூட்டுங்கள். மூச்சு சில கிழமையில் பழகிவிடும், எலும்பும் தசைநாரும் பழக மாதங்கள் எடுக்கும். "இன்னும் ஓடலாம்" என்று தோன்றும்போது காலில் காயம் வருவது இதனால்தான். முழங்காலுக்குக் கீழே முன் எலும்பின் உட்பக்கம் நீளத்துக்கு நொந்தால் ஒரு கிழமை சைக்கிளுக்கு மாறுங்கள். ஒரு விரல் நுனியால் தொட்டுக்காட்டக்கூடிய ஒரே இடத்தில் நொந்தால் ஓட்டத்தை நிறுத்தி ஆசுபத்திரிக்குப் போங்கள்; எலும்பில் வெடிப்பு இருக்கலாம். வீதியில் ஓடினால் வாகனம் எதிரே வரும் வலது பக்கமாக ஓடுங்கள்.

கேள்வி: 61 வயது. சீனி வருத்தத்துக்கு மெற்போமினும் கிளிக்லசைட்டும் எடுக்கிறேன். பாதம் கொஞ்சம் விறைப்பு. கோயிலைச் சுற்றி நடப்பதுதான் எனக்கு விருப்பம். அது போதுமா? (வாசகி, முள்ளியவளை)

பதில்: போதும் அம்மா, மனம் விரும்பிச் செய்கிற நடையை விடவே வேண்டாம். ஆனால் விறைத்த பாதத்துக்குச் சூடு தெரியாது. பத்து மணிக்குப் பிறகு வெளிவீதி மணலில் வெறுங்காலோடு நடந்து பாதம் வெந்த பிறகும் தெரியாமலே வீடு வந்து சேரலாம். மணல் குளிர்ந்திருக்கும் காலை வேளையில், புறங்கையை நிலத்தில் ஐந்து செக்கன் வைத்துப் பார்த்துவிட்டு நடவுங்கள். முடிந்தவரை செருப்போடு நடக்கக்கூடிய வழியையே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு கண்ணாடியை நிலத்தில் வைத்து அடிப்பாதத்தைப் பாருங்கள்: சிவப்பு, கொப்புளம், முள், விரலிடுக்கில் வெடிப்பு. செருப்பைப் போடுமுன் தட்டிப் போடுங்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு 10 தொடக்கம் 15 நிமிடம் நடப்பது சீனிக்கு மிக நல்லது. வேலை செய்யும் தசை இன்சுலினின் உதவி இல்லாமலே இரத்தத்தில் இருந்து சீனியை எடுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் விறாந்தையிலேயே நடக்கலாம்.

மெற்போமின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி இறங்குவது அரிது. கிளிக்லசைட்டோ இன்சுலினோ எடுப்பவருக்கு இறங்கலாம். வெறுவயிற்றில் நடக்க வேண்டாம். கை நடுங்கி, குளிர் வியர்வை வந்து, தலை சுற்றினால் உடனே இருந்து, மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தரம். தெளிந்ததும் ஒரு துண்டு பாண் அல்லது கொஞ்சச் சோறு சாப்பிடுங்கள். அந்தச் சீனியைச் சின்னப் பையில் சுற்றி எப்போதும் கூடவே கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: 44 வயது. முழங்காலுக்குக் கீழே இடது கால் இல்லை, செயற்கைக்கால் போட்டிருக்கிறேன். முன்பு கரப்பந்தாட்டம் ஆடியவன். இப்போது நிறை ஏறிவிட்டது. என்னால் என்ன செய்ய முடியும்? (வாசகர், புதுக்குடியிருப்பு)

பதில்: நிறையச் செய்யலாம். செயற்கைக்காலோடு நடக்க உடம்புக்குக் கூடுதல் சக்தி தேவைப்படும். அதனால் மற்றவரின் தூரத்தோடு உங்கள் தூரத்தை ஒப்பிடாதீர்கள்; கதைக்க முடியும், பாட முடியாது என்ற மேலே சொன்ன அளவையே பிடியுங்கள்.

நடந்து முடிந்து காலைக் கழற்றியதும் எஞ்சிய காலைப் பாருங்கள். சிவந்த அடையாளம் பத்து நிமிடத்தில் மறைந்தால் பயமில்லை. அதற்கு மேலும் நின்றால் அந்த இடம் அழுத்தப்படுகிறது. அடுத்த நாள் நடை வேண்டாம். பின்னேரமாகும்போது எஞ்சிய கால் சுருங்கி, செயற்கைக்காலில் அது நுழையும் கிண்ணத்துக்குள் ஆழமாக இறங்கும், நுனி இடிபடும். அப்போது ஒரு காலுறையைக் கூடப் போடுங்கள். நிறை ஏறிய பிறகு கால் முழுதாக உள்ளே இறங்கவே இல்லை என்றால் கிண்ணத்தை மாற்ற வேண்டும். செயற்கைக்கால் செய்த இடத்தில் காட்டுங்கள். எங்கள் வெக்கைக்கு வியர்வை நிற்காது. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து, காலுறையை மாற்றுங்கள். தினமும் இரவில் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவிடுங்கள்.

கதிரையில் அதிக நேரம் இருப்பதால் இடுப்பின் முன்பக்கத் தசை குறுகும்; நடை கோணும், நாரி நோகும். நாளுக்கு இரண்டு தரம், 15 நிமிடம், தலையணை இல்லாமல் குப்புறப் படுங்கள். ஒன்றரை லீற்றர் போத்தல் இரண்டில் தண்ணீர் நிரப்பி, இருந்தபடியே கையை மேலே தூக்கி இறக்குவதைப் பன்னிரண்டு தரம், மூன்று சுற்றுச் செய்யுங்கள்.

கரப்பந்தாட்டத்தை ஏன் விட்டீர்கள்? நிலத்தில் அமர்ந்து ஆடும் கரப்பந்தாட்டம் 1980 முதல் பராலிம்பிக் விளையாட்டு. திடல் 10 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம். ஆண்களுக்கு வலை 1.15 மீற்றர் உயரம், பெண்களுக்கு 1.05. பக்கத்துக்கு ஆறு பேர். பந்தைத் தொடும்போது பிட்டம் நிலத்தில் பட்டிருக்க வேண்டும் என்பதே முக்கிய விதி. செயற்கைக்காலைக் கழற்றி வைத்துவிட்டு ஆடலாம். கையால் நிலத்தைத் தள்ளித் தள்ளி நகர்வதில் தோளும் வயிறும் நன்றாக வேலை செய்யும். சீமெந்து நிலமென்றால் தடித்த துணியில் காற்சட்டை போடுங்கள், எஞ்சிய காலின் நுனிக்கு உறை போடுங்கள். மணல் முற்றத்தில் ஆடுவதென்றால் முதலில் சலித்துக் கல்லெடுக்க வேண்டும். வலைக்குப் பழைய மீன்வலைத் துண்டொன்றும் இரண்டு கம்பும் போதும். காலிருக்கிறவர்களும் நிலத்தில் இருந்தால் சேர்ந்தே ஆடலாம், ஆறு பேரைச் சேர்க்க ஊருக்குள் அலைய வேண்டியதில்லை.