இலக்கியத்தில் வரும் பொறாமையும் வீட்டில் பார்க்கும் பொறாமையும் ஒன்றுதானா?

ஒன்றேதான். ஆனால் 'பொறாமை' என்ற ஒரே மூட்டையில் நாம் இரண்டு சரக்கைக் கட்டி வைத்திருக்கிறோம். அடுத்தவரிடம் இருப்பது நம்மிடம் இல்லையே என்று வேகுவது ஒன்று. குறளின் 17-ஆம் அதிகாரம் இதை அழுக்காறு என்கிறது. நம்மிடம் இருப்பது கைவிட்டுப் போய்விடுமோ என்று பதறுவது இன்னொன்று. காதலில் அது புலவியாக, ஊடலாக வரும்.

அழுக்காறு எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் பிறக்கும். கோத்தகிரியில் அரை ஏக்கர் கேரட் போட்டவர் எஸ்டேட் முதலாளியைப் பார்த்துப் பொருமுவதில்லை. அதே நாளில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பிய பக்கத்துத் தோட்டக்காரருக்கு மூட்டைக்கு 50 ரூபாய் கூடக் கிடைத்தால்தான் ராத்தூக்கம் போகும். பாரதத்தில் துரியோதனன் வெந்ததும் பங்காளியைப் பார்த்துத்தானே!

புலவிக்கு 1317-ஆம் குறளைப் பாருங்கள். அவன் தும்முகிறான், அவள் வாழ்த்துகிறாள். மறுநொடியே, 'யார் உம்மை நினைத்ததால் தும்மினீர்?' என்று அழுகிறாள். அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்குகிறான். 'உம்மவர் நினைப்பதை மறைக்கிறீரா?' என்று அதற்கும் அழுகை. ஊட்டிக் குளிரில் இந்த ஆள் என்ன பாடுபட்டிருப்பாரோ! இன்று தும்மலின் இடத்தில் செல்போன்: அடித்தால் 'யாரு அது?', கவிழ்த்து வைத்தால் 'எதை மறைக்கிறீங்க?'. பயம் முதலில் வந்துவிடுகிறது. சாட்சியை அது பிறகுதான் தேடுகிறது. அதனால் எதைச் செய்தாலும் சாட்சிதான்.

பொறாமை எவ்வளவு அதிகமோ அவ்வளவு காதல் என்று வள்ளுவரே சொன்னதாகச் சிலர் நினைப்பதுண்டு. 1302-ஆம் குறளில் அவர் சொன்னது, புலவி உணவில் உப்பு மாதிரி, கொஞ்சம் நீண்டாலும் கரித்துவிடும் என்பதுதான்.