மாணவியின் படமும் ஆசிரியரின் கணக்கும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பதினோரு ஆண்டுகளாக ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். நான் வரைவதை இன்ஸ்டாகிராமில் பதிவிடுவேன். அதைப் பார்த்து மாதம் ஒன்றிரண்டு பேர் படம் கேட்டு வாங்குகிறார்கள். சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூவை நோட்டில் வரைந்ததை ரீலாக எடுத்துப் போட்டேன். லட்சத்துக்கு மேல் பார்த்தார்கள். அவளுடைய தோற்றத்தைப் பற்றியும் சிலர் எழுத, அவற்றை நீக்கினேன். அவளுடைய அப்பா பள்ளிக்கு வந்து, "எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே டீச்சர்" என்றார். அவள் இப்போது அந்தப் பூவைத் தவிர வேறு எதையும் வரைவதில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட அங்கே என்னைப் பின்தொடர்கிறார்கள். என் வீட்டு விசேஷப் படங்களும் அதே கணக்கில்தான் இருக்கின்றன. கணக்கை மூடிவிடலாமா, அந்த ரீலை மட்டும் நீக்கினால் போதுமா?

ஓர் ஓவிய ஆசிரியை
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணக்கை மூட வேண்டாம். வரைகிற ஆசிரியரிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பேறு உண்டு; நீங்கள் வரைந்துகொண்டே இருப்பதற்கு அந்தக் கணக்கு ஒரு காரணமாக இருக்குமானால் அது இருக்கட்டும். ஆனால் இனி அதில் உங்கள் மாணவர்களின் முகமும் அவர்களுடைய படங்களும் இடம்பெற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது, அந்த மாணவி பூவைத் தவிர வேறெதையும் வரைவதில்லை என்ற வரி. வீட்டுக் கூடத்துக்குக் கல் வாங்கப் போன நான் ஆத்தங்குடியில் ஒரு பட்டறையில் பகல் முழுவதும் நின்று பார்த்திருக்கிறேன். கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, அதன் ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, உலர்ந்த மணலும் சிமென்ட்டும் தூவி, மேலே கலவையை அப்பி மட்டம் செய்து எடுத்து வைக்கிறார்கள். பூ கண்ணாடிமேல் குப்புறக் கிடப்பதால், கலவை மூடிய பிறகு செய்தவர் கண்ணுக்கே அதன் முகம் தெரிவதில்லை. பிறகு அது இறுக வேண்டும், தண்ணீர்த் தொட்டியில் நாட்கணக்கில் கிடக்க வேண்டும், மறுபடி உலர வேண்டும். நான் பார்த்த ஆத்தங்குடி ரீல்கள் எல்லாவற்றிலும் நிறம் ஊற்றுவதும் கண்ணாடியைப் பிரிப்பதும் இருந்தன; தொட்டியில் கிடக்கும் நாட்கள் ஒன்றிலும் இல்லை. அந்த நாட்களைக் குறைத்தால் கல் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும், மிதிபடத் தொடங்கிய பிறகுதான் வெடிக்கும். பதின்மூன்று வயதுக் கைக்கும் அப்படிச் சில ஆண்டுகள் வேண்டும். யாரும் பாராட்டாமல், யாரும் எண்ணிப் பார்க்காமல், கோணலும் மாணலுமாக வரைந்து கிழித்துப் போடும் ஆண்டுகள். உங்கள் மாணவிக்கு முதல் பூவிலேயே லட்சம் பேர் கிடைத்துவிட்டார்கள். அடுத்து ஓர் ஆட்டுக்குட்டியை வரைந்து அது நாயைப் போல வந்துவிட்டால் அவளுக்கு அது தோல்வியாகத் தெரிகிறது. ஆகவே பூவுக்கே திரும்பிவிடுகிறாள். இதில் அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரியவர்களான நமக்கே, எது பாராட்டப்பட்டதோ அதையே திரும்பச் செய்யத் தோன்றுகிறது.

அவளுடைய தகப்பனார் கேட்டது நியாயம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஓர் ஓவியத்தின் முதல் உரிமையாளர் அதை வரைந்தவர்தான். வரைந்தவர் சிறுமி என்பதாலோ, பள்ளி நோட்டில் வரைந்தாள் என்பதாலோ அந்த உரிமை ஆசிரியருக்கு வந்துவிடுவதில்லை. நாம் இன்ஸ்டாகிராமில் ஒரு படத்தை ஏற்றும்போது, உரிமை நம்மிடமே இருந்தாலும், உலகம் முழுவதும் கட்டணமின்றி அதைப் பயன்படுத்தவும் பிறருக்கு அந்த அனுமதியைத் தரவும் அந்த நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்துவிடுகிறோம். உங்கள் படத்துக்கு நீங்கள் அதைக் கொடுக்கலாம். அவளுடைய படத்துக்கு நீங்கள் எப்படிக் கொடுக்க முடியும்? முகமும் குரலும் சேரும்போது இது இன்னும் கனமாகிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொண்டு, அவர்களுடைய தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் உங்களைப் பிடிக்குமா என்பதல்ல என் கவலை. சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றிய ஒன்று, தினமும் அந்தப் பிள்ளைகளோடு இருக்கும் நமக்குத் தோன்றாமல் போனதே என்பதுதான். சீருடை ஒன்று போதும், எந்தப் பள்ளி என்று தெரிந்துவிடும். பின்னால் கரும்பலகையில் தேதியும் வகுப்பும் எழுதியிருந்தால் வேறெதுவும் கேட்க வேண்டியதில்லை.

இதை நான் உயரத்தில் நின்று சொல்லவில்லை. என் அப்பத்தா பொங்கலுக்கு நடுவீட்டுக் கோலம் போடுவார்கள். பச்சரிசியை ஊறவைத்து அரைத்து, துணியை அதில் தோய்த்து, விரலிடுக்கில் மாவை வழியவிட்டு இழுக்கும் கோடு. கடைசியாக அவர்கள் போட்ட கோலத்தை நான் போனில் படமெடுத்து பேஸ்புக்கில் போட்டேன். அவர்களிடம் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அவர்கள் காலமான பிறகு ஒரு கல்யாணத்தில் தாம்பூலப் பை கொடுத்தார்கள். பையின்மேல் அந்தக் கோலம். வயோதிகத்தில் கை நடுங்கிக் கோடு பிசகிய இடம்கூட அப்படியே அச்சாகியிருந்தது. அச்சிட்டவர்களுக்கு எழுதினேன், பதில் இல்லை. அவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் வாசலில் ஊர் பார்க்கப் போடும் கோலத்துக்கும் உள்ளே நடுவீட்டில் போடும் கோலத்துக்கும் வேறுபாடு தெரிந்த குடும்பத்தில் பிறந்தும், உள்ளே இருந்ததை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தவள் நான்தான்.

நம் செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியவர்கள் இந்த வேறுபாட்டைச் சுவரிலேயே எழுதி வைத்தார்கள். முகப்பில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கணக்கு வழக்குப் பேசலாம். உள்முற்றத்தைச் சுற்றிய வளவுக்குள் வருபவர்கள் சொந்தமும் பந்தமும். அதற்கும் பின்னாலுள்ள இரண்டாங்கட்டுக்குப் போகிறவர்கள் அந்த வீட்டு மனிதர்கள். உங்கள் இன்ஸ்டாகிராம் கணக்கு முகப்பாக இருக்கட்டும். வீட்டு விசேஷப் படங்களை இன்றே எடுத்து, சொந்தக்காரர்கள் மட்டும் பார்க்கும்படி பூட்டிய வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அந்தக் கணக்கில் மாணவர் எவரையும் சேர்க்க வேண்டாம். பள்ளி முடித்துப் போனவர்களைச் சேர்ப்பது உங்கள் விருப்பம். முகப்புக் கணக்குக்கு வரும் மாணவர்களின் நேரடிச் செய்திகளுக்கும் அங்கே பதில் எழுதாமல், "நாளை வகுப்பில் கேள்" என்று மறுநாள் நேரிலேயே சொல்லிவிடுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பின்தொடர்பவர் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். 13 வயது நிறையாதவர்கள் அங்கே கணக்கு வைத்துக்கொள்ள அந்த நிறுவனமே அனுமதிப்பதில்லை. வயதை மாற்றிக் கொடுத்துத்தான் தொடங்கியிருப்பார்கள். நீங்கள் அப்படியே விட்டுவைத்தால் டீச்சரே ஒத்துக்கொண்டார் என்றுதான் அவர்களுக்குப் படும்.

பிள்ளைகளின் படங்களைப் பெற்றோருக்குக் காட்ட வேண்டுமென்றால், வாட்ஸப்பில் குழு தொடங்காமல், ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் ஒருவர் எண் எல்லோருக்கும் தெரியும், இதில் தெரியாது. உங்கள் எண்ணைத் தம் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதைவிட நல்லது பள்ளித் தாழ்வாரத்தில் ஒரு கயிறு கட்டி, துணிக் கிளிப்பில் படங்களை மாட்டி வைப்பது. நன்றாக வந்தது, வராதது இரண்டும் அதில் தொங்கட்டும். பள்ளிக் கல்வித் துறை 2022 முதல் நடத்திவரும் கலைத் திருவிழா போன்ற மேடைகளில் பிள்ளைகள் தம் பெயரில் தாமே நிற்கிறார்கள். உங்கள் கணக்கின் வழியாக அவர்களை வெளியே கொண்டுவர வேண்டிய தேவை அந்த அளவுக்குக் குறைவுதான்.

அப்படியானால் உங்கள் கணக்கில் எதைப் போடுவது என்று கேட்பீர்கள். இதைப் பற்றி எனக்கு ஓர் ஆசையே உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நடந்து பாருங்கள்: பிரித்தெடுத்த வீடுகளின் கதவு நிலைகளும் பர்மா தேக்குத் தூண்களும் கண்ணாடி ஓவியங்களும் கடை கடையாக நிற்கின்றன. ஒவ்வொரு தூணுக்கும் பின்னால் இப்போது இல்லாத ஒரு வளவு இருக்கிறது. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் இன்னும் நிற்கும் வீடுகளின் சுதை உருவங்களை, அவை உதிர்வதற்குள், ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து வரையுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் முதலில் கேட்டுவிட்டு வரையுங்கள். கேமரா எடுக்கும் படத்தில் எல்லாம் ஒரே அளவு முக்கியத்தோடு விழுந்துவிடுகிறது. வரைகிறவரோ, யானையின் துதிக்கை எங்கே சற்று மடங்குகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் கோடு இழுக்க முடியும். திருத்திய கோடுகளை அழிக்காமல் பதிவிடுங்கள். உங்கள் மாணவர்கள் பார்க்கத்தான் போகிறார்கள், டீச்சரும் மூன்று முறை தவறவிட்டார் என்று அவர்கள் காண்பது ஒரு பாடம்.

படமெடுப்பது பற்றி ஒரு சொல். வெயில் நேரே விழாத நேரத்தில், முற்றத்து ஓரத்தில் நிழலில் படத்தைச் சுவரோடு நிமிர்த்தி வைத்து, போனை அதற்கு இணையாகப் பிடித்து, பிளாஷ் இல்லாமல் எடுங்கள். குழல்விளக்கடியில் எடுத்தால் போன் தானாக நிறத்தைத் திருத்தப் பார்த்து காவியை ஆரஞ்சாக்கிவிடும். வாங்குகிறவருக்குப் படம் கைக்கு வந்ததும் ஏமாற்றமாக இருக்கும்.

விற்பனை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அரசுப் பணியில் இருப்பதால், 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் உங்களுக்குப் பொருந்தும். முன் அனுமதியின்றித் தொழிலோ வணிகமோ செய்வதை அவை ஏற்பதில்லை. மாதம் ஒன்றிரண்டு படம் என்பது பெருகுவதற்குள் தலைமை ஆசிரியர் வழியாக எழுதிக் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ரீலை நீக்குங்கள். ஆனால் சொல்லாமல் நீக்கினால், தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக அந்தப் பெண் நினைத்துக்கொள்வாள். அவளையும் அவளுடைய அப்பாவையும் அழைத்து, கேட்காமல் போட்டது உங்கள் தவறு என்று அவள் முன்னாலேயே சொல்லிவிட்டு, அவர்கள் பார்த்திருக்க நீக்குங்கள். மூலப் படம் உங்களிடம் இருந்தால் அவளிடம் திருப்பிக் கொடுங்கள். பிறகு சில வாரங்களுக்கு அவளிடம் தாளும் நிறமும் வேண்டாம். குளத்துக் களிமண்ணைக் கொடுத்து, புரவி எடுப்புத் திருவிழாவில் ஐயனார் கோவிலுக்குப் போகும் மண்குதிரையைப் போல ஒன்றைப் பிடிக்கச் சொல்லுங்கள். முதல் குதிரையின் கால் கட்டாயம் உடையும். அப்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள், போனை மேசைக்குள் வைத்துவிட்டு.

அன்புடன்.