சிவப்பு மூக்கைக் கொஞ்ச நாள் பெட்டியிலேயே வையுங்கள்

கேள்வி: அக்கா, நான் புதுச்சேரிக்காரி, நாடகம் படித்தவள். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கும் மாமா வீட்டுக்கு ஒரு மாதம் வந்திருக்கிறேன். ஞாயிறுதோறும் கோயில் மண்டபத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் 15 பேருக்குக் கோமாளிக்கலை சொல்லித்தருகிறேன். முதல் வாரம் வெள்ளைப் பூச்சும் சிவப்பு மூக்குமாகப் போய் நின்றதும் இரண்டு குட்டிகள் அழுதுவிட்டார்கள், மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். இரண்டாம் வாரம் ஓர் அம்மா, "படிக்கிற பிள்ளைய ஏன் கோமாளி ஆக்குறீங்க?" என்று கேட்டு மகனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இன்னும் இரண்டு ஞாயிறுதான் இருக்கிறது. விட்டுவிடவா?

பதில்: விடாதீர்கள் தங்கச்சி. அந்த அம்மா மேல் கோபமும் வேண்டாம். "நாலு பேரு சிரிக்கிற மாதிரி நடந்துக்காதே" என்று சொல்லிச் சொல்லித்தான் நம் வீடுகளில் பிள்ளை வளர்க்கிறார்கள், உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருக்கும். இங்கே அதில் இன்னொரு வலியும் சேர்ந்திருக்கிறது. நான் லயத்து வீட்டில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வளர்ந்தவள். விடிகாலையில் அம்மாவோடு ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போய்விட்டு அப்படியே டவுன் பள்ளிக்கு ஓடுவேன், சட்டையில் கித்தாப் பால் வாடை அடிக்கும், பக்கத்தில் இருக்கிற பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்கும், வகுப்பே சேர்ந்து சிரிக்கும். அப்படிச் சிரிப்புக்கு ஆளானவர்கள் பெற்ற பிள்ளைகள்தான் உங்கள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கோமாளி என்ற சொல் அவர்கள் காதில் கலையாக விழாது, வசவாகத்தான் விழும்.

அதனால் அந்தச் சொல்லை விட்டுவிட்டு பபூன் என்று சொல்லிப் பாருங்கள். தாத்தா பாட்டிகள் முகம் மலரும். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் விடிய விடிய நாடகம் நடக்குமாம், பபூன் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு தோட்டத்துக் கணக்கப்பிள்ளையான கிராணி மாதிரியே நடந்து காட்டுவாராம், கிராணியும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பாராம். அப்பா சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். வருஷம் முழுக்கத் திட்டு வாங்கினவர்கள் அந்த ஒரு ராத்திரி வாய்விட்டுச் சிரித்திருக்கிறார்கள். உங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே கேலி பண்ணுகிறானே, அதே வேலைதான். இங்கே கிளந்தான் மாநிலத்துப் பக்கம் வாயாங் கூலிட் நிழற்கூத்தில்கூட ராமாயணக் கதைக்கு நடுவே பாக் டோகோல், வாக் லோங் என்று இரண்டு பேர் வந்து சிரிக்க வைப்பார்கள். அந்த அம்மா வீட்டுக்கு நேரில் போய், ஒரு தேத்தண்ணி குடித்துக்கொண்டே இதையெல்லாம் பேசுங்கள்.

சரி, வகுப்பில் என்ன செய்வது? பாரிஸில் 1956-ல் நாடகப் பள்ளி தொடங்கினாரே ழாக் லெகோக், அவர் மாணவர்களைச் சிரிக்க வைக்கச் சொன்ன கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொருவராக வந்து விழுந்து புரண்டும் யாரும் சிரிக்கவில்லை, தோற்றுப்போய் முகம் தொங்க இடத்துக்குத் திரும்பியபோதுதான் எல்லாரும் சிரித்தார்களாம். அந்தத் தோல்வி உங்களுக்கு இங்கே தானாகவே கிடைத்திருக்கிறது. ஊர் தெரியாது, மலாய் தெரியாது, 'பசியாறிட்டீங்களா?' என்று கேட்டால் காலைச் சாப்பாட்டைத்தான் கேட்கிறார்கள் என்றுகூட முதலில் புரிந்திருக்காது. அதை மறைக்காதீர்கள். பிள்ளைகள் வாத்தியாராகட்டும், நீங்கள் தப்புத் தப்பாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

நான் பள்ளியில் பாடம் எடுத்த காலத்தில் வாயே திறக்காத ஒரு பையன் இருந்தான், மூன்றாம் ஆண்டு. ஒருநாள் ஈரத் துண்டை ரொட்டி சானாய், அதாவது இங்கத்துப் பரோட்டா, மாவு மாதிரி வீசிக் காட்டப் போய், அது சுழன்று என் தலையிலேயே விழுந்து கண்ணை மூடிக்கொண்டது. வகுப்பு சிரித்தது. துண்டை எடுத்துப் பார்த்தால் அவன் எழுந்து என் பக்கத்தில் நிற்கிறான். "இப்படி இல்ல டீச்சர்" என்று என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, கட்டைவிரலை எங்கே வைக்கணும் என்று காட்டினான். அப்புறம் அவனே வீசினான், அவன் தலையிலும் விழுந்தது, துண்டுக்குள்ளிருந்தே சிரித்தான். அவன் குரலை அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டேன்.

வெள்ளைப் பூச்சு வேண்டவே வேண்டாம், சின்னதுகளுக்கு அது பேய். மலாய்ப் பிள்ளைகளும் வருவார்கள் என்றால் தலையில் தட்டுவது, காலால் உதைப்பது, ஆட்காட்டி விரலை நீட்டுவது எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள், பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். பிள்ளைகள் பேசுகிற தமிழை மட்டும் ஒருபோதும் கிண்டல் பண்ணிவிடாதீர்கள். மூக்குப் பெட்டியைக் கடைசி ஞாயிறு திறந்து நடுவில் வையுங்கள். யார் கேட்கிறார்களோ அவர்களுக்கு மட்டும் கொடுங்கள், கேட்காத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். அன்றைக்கு அந்த அம்மாவுக்கும் முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

இந்த ஞாயிறுக்கு 15 சின்னத் துண்டுகள் போதும். வீட்டிலேயே நனைத்து நன்றாகப் பிழிந்து கொண்டு போங்கள், காய்ந்த துண்டு சுழலாது.