உங்களுக்கென்று நீங்களே ஒரு தெய்வத்தை உருவாக்கியது உண்டா? அது எப்படிப்பட்டது?

உண்டு. இரண்டு. மூன்றாவதாக ஒன்றுக்கு முயன்று தோற்றேன், அதையும் சொல்கிறேன்.

கேள்வி கேட்டவர் கூடவே இன்னொன்றையும் எழுதியிருக்கிறார்: கோயிலில் இருக்கும் எந்தச் சாமியும் தன் மனதுக்கு ஒட்டவில்லையாம். தான் மதிப்பவற்றுக்கும் அஞ்சுபவற்றுக்கும் ஏற்ப ஒன்றைத் தானே செய்துகொண்டால் அது பைத்தியக்காரத்தனமா என்கிறார். தருமபுரி மாவட்டத்துக்காரியிடம் கேட்டால் என்ன சொல்வேன்? எங்கள் பக்கம் வயல் வரப்பில் மூன்று கல் சேர்ந்தாற்போல் நின்றால் அதற்கு ஒரு பெயர் இருக்கும், வருடத்துக்கு ஒரு பொங்கலும் இருக்கும்.

முதல் தெய்வம் என் ஒன்பதாவது வயதில் வந்தது. பென்னாகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுக்க வந்தவர் எல்லோரையும் சிரிக்கச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. முப்பது பிள்ளைகளும் இழவு வீட்டுக்கு வந்தவர்கள் போல உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றோம். அந்தப் படம் இன்னும் இருக்கிறது. எங்கள் பற்கள் பழுப்பு. சிலருக்குக் கோடு கோடாக, சிலருக்குத் திட்டுத் திட்டாக. எனக்கு முன்பற்கள் இரண்டும் வெல்லக் கட்டி நிறம்.

அடிபம்புத் தண்ணீரில் இருந்த புளோரைடு செய்த வேலை அது. பாறைக்கு அடியில் ஆழத்திலிருந்து ஏறி வரும் நீரில் அது கரைந்திருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், ஏறக்குறைய எட்டு வயதுவரை, அந்த அளவை மீறிய தண்ணீரைக் குடித்து வளர்ந்தால் கறை பல்லோடு பிறந்துவிடும். காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்றி இன்னும் செறிவாகும். இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்று தெரிந்ததெல்லாம், வெளியூர்க்காரர்கள் எங்களைப் பார்த்து "பல் தேய்க்க மாட்டீர்களா?" என்று கேட்பார்கள் என்பதுதான். அடுப்புக்கரி, உப்பு, செங்கல் பொடி எல்லாவற்றாலும் தேய்த்துப் பார்த்தேன். ஈறுதான் கிழிந்தது.

வீட்டில் அம்மாவுக்கு மட்டும் வெள்ளைப் பல். அவர் மேட்டூர்ப் பக்கம் பிறந்து காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். கல்யாணமாகி வந்த பிறகு எங்களோடு அதே அடிபம்பு நீரைத்தான் குடித்தார், ஆனால் பல் மாறவில்லை. அம்மா ஏதோ ஒரு பொடியை எங்களுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறார் என்று நானும் தம்பியும் வெகுநாள் நம்பினோம். அரிசிப் பானைக்குள் கைவிட்டுக்கூடத் தேடியிருக்கிறோம்.

ஓடையில் வெங்கச்சங்கல் நிறையக் கிடக்கும். வெயிலில் பார்த்தால் கண் கூசும் வெள்ளை. கடைவாய்ப் பல்லின் வடிவில், உள்ளங்கை அளவில் ஒன்று கிடைத்தது. அதை அடிபம்புக்குப் பக்கத்துப் புங்க மரத்தடியில் நட்டுச் சிரிப்பாயி என்று பெயர் வைத்தேன். சிரிப்பாயிக்கு வாய் நிறைய வெள்ளைப் பல். கையால் வாயைப் பொத்தாமல் சிரிப்பாள். தல புராணம் அவ்வளவுதான். காலையில் பம்பு அடித்ததும் முதல் சொம்புத் தண்ணீர் அவளுக்கு. எந்தத் தண்ணீர் எங்களைக் கெடுத்ததோ அதையே அவள் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவளுக்கு மட்டும் கறை படியவில்லை, பாருங்கள், அதுவே பெரிய மகிமையாகப் பட்டது.

தம்பி பூசாரியானான். வெட்டுக்கிளி பலி கொடுக்கலாம் என்றான், நான் விடவில்லை. பதிலுக்கு ஒரு விலக்கு வைத்தேன்: சிரிப்பாயி இருக்கும் இடத்தில் யாருடைய உடம்பையும் சொல்லிச் சிரிக்கக் கூடாது. எங்கள் வகுப்பில் முழங்கால் இரண்டும் உள்பக்கமாக வளைந்த பையன் ஒருவன் இருந்தான். அவனுக்கு ஒரு கெட்ட பட்டப்பெயர் இருந்தது, அதை இங்கே எழுத மாட்டேன். பம்படியில் வைத்து அந்தப் பெயரைச் சொன்னவர்களுக்குக் கண் போகும் என்று நான் சாபம் கொடுத்தேன். அவன் எலும்பை வளைத்ததும் அதே தண்ணீர்தான் என்று எனக்குத் தெரியவர இன்னும் பத்து வருடம் ஆயிற்று.

அப்பாவைப் பெற்ற பாட்டியை நாங்கள் ஆயா என்போம். ஆயா ஒரு நாள் கல்லைப் பார்த்துவிட்டு யார் இது என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. முந்தானை முடிச்சில் இருந்த மஞ்சள் துண்டை எச்சில் படாமல் கல்லிலேயே உரசிப் பூசிவிட்டு, "சாமி என்று வைத்துவிட்டால் பாதியில் விடக் கூடாது. பட்டினி கிடக்கும்" என்றார்.

ஆயாவுக்கு அதில் வியப்பு இல்லாததற்குக் காரணம் உண்டு. அவருடைய குலதெய்வம் வேடியப்பன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வேடியப்பன் என்று கும்பிடும் கற்களில் பல பழைய நடுகற்கள். ஆநிரை கவர வந்தவர்களோடு மோதிச் செத்தவன், புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவன் என்று யாரோ ஒரு மனிதனுக்கு ஊர் நட்ட கல். தருமபுரி அருங்காட்சியகத்தில் அப்படிப்பட்ட கற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள், ஒருமுறை போய் வாருங்கள். ஆளின் பெயர் மறந்துபோகும், சண்டை மறந்துபோகும், பொங்கல் மட்டும் நிற்கும். யானையை வீழ்த்தி மாண்டவனுக்கு நட்ட கல்லைத் தவிர நெல் தூவிக் கும்பிட வேறு கடவுள் எங்களுக்கு இல்லை என்கிறது புறநானூற்றின் 335ஆம் பாடல். அந்த ஊர் எதற்குப் பயந்தது, எதை மதித்தது என்று இரண்டையும் அந்த ஒரு கல்லிலேயே படித்துவிடலாம்.

சங்க காலத்தில் அதியமான் ஆண்ட தகடூர் என்பது இன்றைய தருமபுரிதான். அவன் இறந்தபோது, அவனுடைய நண்பரான ஒளவையார் பாடியதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மயில்பீலி சூட்டிய நடுகல்லுக்கு முன்னால் சின்னக் கலத்தில் கள்ளை வைக்கிறார்கள். மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன், இதைக் கொள்வானா என்று கேட்கிறார். சாமியாகிவிட்ட நண்பனைப் பார்த்து எழும் கேள்வி அது. நாம் படைப்பதை அது கேட்டதா என்று நமக்கு எப்படித் தெரியும்? நான் சிரிப்பாயிக்கு ஊற்றிய தண்ணீரும் அப்படித்தான்.

இப்போது தோற்ற கதை. கல்லூரியில் படித்தபோது நாலு புத்தகம் வாசித்த திமிரில், இனிப் பயத்தால் கும்பிடக் கூடாது, மதிப்புகளால் ஆன கடவுள் வேண்டும் என்று முடிவெடுத்தேன். நோட்டுப் புத்தகத்தில் எழுதியே படைத்தேன். அவருக்குச் சாதி இல்லை, ஆண் பெண் இல்லை, நகை பிடிக்காது, பொய் பிடிக்காது, உண்டியல் கிடையாது, எல்லோரும் உள்ளே வரலாம். படித்துப் பார்த்தால் அரசியல் சாசனத்தின் முகவுரை போல இருந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரிடம் கேட்கவும் ஒன்றுமில்லை. ஒரு நாள்கூட அவருக்குக் கற்பூரம் ஏற்றத் தோன்றவில்லை. அந்த நோட்டு எங்கே போனதென்று தெரியவில்லை, பழைய பேப்பர்க்காரருக்குப் போயிருக்கலாம்.

அதனால் நீங்கள் மதிப்புகளின் பட்டியலோடு உட்கார்ந்தால் எதுவும் வராது என்றுதான் சொல்வேன். பயத்தில் தொடங்குங்கள். மதிப்பு தானாக விலக்கின் வழியே உள்ளே வரும். உங்கள் சாமி எதைச் செய்யக் கூடாது என்கிறதோ அதுதான் உங்கள் மதிப்பு. எதைத் தரும் என்று நீங்கள் எழுதுவதெல்லாம் ஆசை மட்டுமே.

பயத்துக்குக் கோயில் கட்டுவதைக் கேலி செய்பவர்களை எனக்குப் பிடிக்காது. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் இருக்கிறாள். 2021இல் அதே ஊருக்குப் பக்கத்தில் இருகூரில் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தபோது போனில் எத்தனை கிண்டல் படங்கள் வந்தன! பழைய ரோமானியர்கள் கோதுமையில் வரும் துரு நோய்க்கே ரோபிகஸ் என்று ஒரு தெய்வம் வைத்து, ஏப்ரல் 25 அன்று நாயைப் பலியிட்டு, பயிரை விட்டுவிடு என்று கெஞ்சியிருக்கிறார்கள். ராகிக் கதிரில் குலைநோய் விழுந்து விளைச்சல் போன வருடம் அப்பா உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தவள் நான். எனக்கு அந்த ரோமானியர்கள் அந்நியமாகத் தெரியவில்லை.

இன்னொன்று, பயம் போன பிறகு சாமி என்ன ஆகும்? பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று 1980இல் அறிவித்துவிட்டார்கள். மாரியம்மன் கொஞ்சமும் அசரவில்லை, மழை, குழந்தை, வேலை என்று இலாகா மாறிக்கொண்டாள். என் சிரிப்பாயிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி, குழாயில் காவிரித் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு பிறந்த என் மகளுக்குப் பல் முல்லை அரும்பு. போட்டோவில் ஈறு தெரியச் சிரிக்கிறாள். சிரிப்பாயியின் கதையைச் சொன்னபோது, "ஏன் அம்மா, பல் டாக்டரிடம் போயிருக்கலாமே?" என்றாள். கல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது ஒரு சொம்பு ஊற்றுவேன், ஆயா சொன்ன சொல்லுக்காக.

இரண்டாவது தெய்வத்துக்குக் கல் கிடையாது. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றி மதுரைக்குப் போகும் நாட்களில் வழியில் தருமபுரியில் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு. அவர் கை கழுவிக் கிளம்பிய அரை மணி நேரத்தில் தொப்பூர் கணவாய். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: பாரம் ஏற்றிய வண்டி நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். டீசல் மிச்சம் பிடிக்க கியரை நியூட்ரலில் போட்டு இறக்குபவர்கள் உண்டு. அதன் பிறகு முன்னால் போகிறவர்கள் பாடு.

என் வீட்டுக்காரர் நியூட்ரலில் இறக்க மாட்டார். பின்னால் வருகிறவர் இறக்க மாட்டார் என்று எனக்கு யார் சொல்வார்கள்?

கெட்ட செய்தி போனில்தான் வரும், இரவில்தான் வரும். ஆகவே என் தெய்வத்தின் பெயர் பேசாமடந்தை. போன் அடிக்காமல் இருப்பதுதான் அவள் அருள். பத்து மணிக்கு மேல் போனைக் கவிழ்த்து வைத்து, மேலே ஒரு மல்லிகைப் பூவை வைப்பேன். பூ இல்லையென்றால் கறிவேப்பிலை, கோபித்துக்கொள்ள மாட்டாள். மௌனத்தில் போட்டுவிட்டால் போகிறது என்று தோழி சொன்னாள். அது ஏமாற்று வேலை. பேச முடிந்தும் பேசாமல் இருக்க வேண்டும், அப்போதுதான் அருள். வீட்டுக்காரரும் இரவில் கூப்பிட மாட்டார். முன்பெல்லாம் கணவாயைத் தாண்டியதும் நல்ல செய்தி சொல்லக் கூப்பிடுவார். அந்த மணிச் சத்தம் கேட்டு எடுப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். தம்பி ஒருமுறை எருமை கன்று போட்டது என்று நடுராத்திரி ஒரு மணிக்குக் கூப்பிட்டான். கன்றுக்கு மட்டும் வாழ்த்துச் சொல்லிவிட்டு அவனை நான் திட்டிய திட்டு அவனுக்கு இன்னும் நினைவிருக்கும்.

பேசாமடந்தைக்கும் ஒரு விலக்கு உண்டு. தொப்பூரில் விபத்து என்று கேள்விப்பட்டால், "நம் வண்டியாக இருக்கக் கூடாது" என்று வேண்டக் கூடாது. ஏற்கெனவே மோதியாகிவிட்டது. நம்முடையது இல்லையென்றால் அது இன்னொருத்தி வீட்டு வண்டி. அந்த வேண்டுதலுக்கு அர்த்தம், அவள் போன் அடிக்கட்டும் என்பதுதான். இதை நானே வகுத்தேன், நானே ஒவ்வொரு முறையும் மீறுகிறேன். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் நாக்குக்கு முன்னால் மனம் சொல்லிவிடுகிறது. பிறகு மன்னிப்புக் கேட்கிறேன். சிரிப்பாயி காலத்தில் விலக்கு எனக்குச் சுலபமாக இருந்தது, கேலி செய்தது மற்றவர்கள்தானே.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், இது உண்மையாகவே நடந்தது. நடுவில் சில மாதம் பூ நேராக இருக்கிறதா என்று எழுந்து எழுந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று முறை தொட்டால்தான் படுக்கலாம் என்று ஆயிற்று, பிறகு ஐந்து, பிறகு ஏழு. வீட்டுக்காரர் ஊரில் இருந்த ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டு, "உன்னைத் தூங்க விடாதது சாமியா, வட்டிக்காரனா?" என்று கேட்டார். சுருக்கென்றது. மறுநாளிலிருந்து ஒரே ஒரு முறைதான் பூ வைப்பேன், பிறகு எழுந்து பார்க்க மாட்டேன் என்று அவளிடமே சொல்லிவிட்டேன். முதல் வாரம் கண் மூடவில்லை. நீங்கள் செய்யும் சாமியும் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால், அப்போதே ஒரு மருத்துவரிடம் பேசுங்கள்.

இன்று அவருக்கு மதுரை லோடு. ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பினார், ரசம் கொஞ்சம் புளிப்பு என்றார். இப்போது பதினொன்றரை. இந்தப் பதிலை மகளின் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருக்கிறேன். போன் அடுக்களை மேடையில் கவிழ்ந்து கிடக்கிறது, மேலே கறிவேப்பிலை.