பலவீனமான அணி ஒன்று, தன் பிரிவையே ஆண்டுகொண்டிருந்த அணியை வீழ்த்திய ஆட்டங்களில் உங்கள் மனத்தில் நிற்பது எது?

மயாமி டால்ஃபின்ஸ் 38, நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 13. நாள் 2008 செப்டம்பர் 21. இடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஃபாக்ஸ்பரோ.

அமெரிக்கக் கால்பந்து பார்க்கிறவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால், பலரும் இதே இரண்டு அணிகள் 2018 டிசம்பரில் மயாமியில் மோதிய ஆட்டத்தைத்தான் சொல்வார்கள். முடிய ஏழு நொடிகளே இருந்த நிலையில், பந்து கைமாறிக் கைமாறிக் கடைசியில் கெனியன் டிரேக் என்பவரிடம் வந்து, அவர் ஓடிப்போய் எல்லையைத் தொட்டு, 34-33 என்று டால்ஃபின்ஸ் வென்ற ஆட்டம் அது. பார்க்கப் பரவசமானது, மறுக்கவில்லை. ஆனால் அது ஒரே ஓட்டத்தில் வாய்த்த வெற்றி. 2008இன் வெற்றியோ யோசித்து, பழகி, எதிராளியின் சொந்த அரங்கத்துக்கே கொண்டுபோய் நடத்திக் காட்டியது. அதனால்தான் என் மனத்தில் அதற்கு முதலிடம்.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காகச் சிறு அறிமுகம். நாம் அறிந்த கால்பந்து அல்ல இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடியும் எறிந்தும் முன்னேறுகிற ஆட்டம். என்.எஃப்.எல் லீக்கில் 32 அணிகள், பிரிவுக்கு நான்கு வீதம் எட்டுப் பிரிவுகள். ஒரே பிரிவில் இருப்பவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு முறை மோதியாக வேண்டும். பேட்ரியாட்ஸ், டால்ஃபின்ஸ், ஜெட்ஸ், பில்ஸ் நான்கும் ஒரே பிரிவு. பயிற்சியாளர் பில் பெலிசிக்கும், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் டாம் பிராடியும் பேட்ரியாட்ஸில் கோலோச்சிய காலத்தில் மற்ற மூன்று அணிகளின் ரசிகர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது.

2007 பருவத்தில் பேட்ரியாட்ஸ் லீக் ஆட்டங்கள் 16இலும் வென்றது. அதே பருவத்தில் டால்ஃபின்ஸ் வரிசையாக 13 ஆட்டங்களில் தோற்று, ஒரே ஒரு வெற்றியைக் கூடுதல் நேரத்தில் போராடிப் பெற்று, 1-15 என்று முடித்தது. தொடக்கம் முதல் இறுதி ஆட்டம் வரை தோல்வியே காணாமல் கோப்பை வென்ற ஒரே அணி என்ற பெருமை 1972ஆம் ஆண்டின் டால்ஃபின்ஸுக்கு உரியது. அந்தப் பெருமையும் அன்று கைநழுவப் பார்த்தது. 2008 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸ் 17-14 என்று பேட்ரியாட்ஸை வென்றதால்தான் அது பிழைத்தது. மயாமி ரசிகர்களிடம் அப்போது மிஞ்சியிருந்தது 35 ஆண்டுப் பழைய நினைவு ஒன்றுதான்.

நான் அப்போது பாஸ்டன் பக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்கா வந்த புதிதில் இந்த ஆட்டத்தை எனக்கு விதி விதியாகச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு மயாமிக்காரர். அவர் வழியாகத் தொற்றிக்கொண்ட பற்று, பேட்ரியாட்ஸ் ஊரில் குடியிருந்தும் விடவில்லை.

2008 பருவமும் டால்ஃபின்ஸுக்குத் தோல்வியோடுதான் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் ஜெட்ஸிடம், இரண்டாவதில் அரிசோனாவிடம். அரிசோனாவில் 31-10 என்று வாங்கிய அடி பலமானது. அங்கிருந்து திரும்பும் விமானத்தில், புதிதாகப் பொறுப்பேற்றிருந்த தலைமைப் பயிற்சியாளர் டோனி ஸ்பரானோ, குவார்ட்டர்பேக் பயிற்சியாளர் டேவிட் லீயிடம் ஒரு விஷயத்தை எடுத்தார். லீ அதற்கு முந்தைய ஆண்டு ஆர்கன்சா பல்கலைக்கழக அணியில் இருந்தவர். அங்கே டேரன் மெக்ஃபேடன் என்ற ஓட்டக்காரரை வைத்து ஒரு விநோதமான அணிவகுப்பைப் பயன்படுத்தி வந்தார்கள். 2007 நவம்பரில் அதே அணி, முதலிடத்தில் இருந்த லூசியானா மாநிலப் பல்கலைக்கழக (எல்.எஸ்.யூ) அணியை மூன்று கூடுதல் சுற்றுகள் ஆடி 50-48 என்று சாய்த்திருந்தது. அந்த உத்தியை நாமும் செய்து பார்த்தால் என்ன என்பதுதான் விமானத்தில் நடந்த பேச்சு. அடுத்த ஆட்டம் பேட்ரியாட்ஸோடு, அவர்கள் அரங்கத்தில். கையில் இருந்தது ஒரே வாரம்.

அந்த உத்தியின் பெயர் வைல்ட்கேட். அதன் நுட்பத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வெற்றியின் உயிர் அதில்தான் இருக்கிறது. வழக்கமாக நடுவில் இருக்கும் சென்டர், பந்தைத் தன் கால்களுக்கு இடையே பின்னால் தருவார். குவார்ட்டர்பேக் அதை வாங்கி எறிவார், அல்லது ஓட்டக்காரரிடம் கொடுப்பார். கொடுத்த பிறகு அவருக்கு வேலை இல்லை. ஆக, ஓடும்போது பத்துப் பேர் பதினொருவரைச் சமாளிக்கிற நிலை. வைல்ட்கேட்டில் பந்து நேராக ஓட்டக்காரரின் கைக்கே வந்துவிடும். குவார்ட்டர்பேக் ஓரத்தில் போய் நிற்பார். அவரைக் காவல் காக்க எதிரணியும் ஓர் ஆளை அனுப்பியாக வேண்டும். கணக்கு சமமாகிவிடுகிறது. போதாததற்கு, முன்வரிசையின் பருத்த தடுப்பாளர்கள் இருவரை ஒரே பக்கத்தில் நிறுத்தினார்கள். அந்த ஆண்டு வீரர் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜேக் லாங் அவர்களில் ஒருவர்.

பந்தை வாங்குகிறவர் ரோனி பிரவுன். ஓரத்திலிருந்து குறுக்கே ஓடிவருகிறவர் ரிக்கி வில்லியம்ஸ். இருவரும் நெருங்கும் நொடியில் பிரவுன் பந்தை வில்லியம்ஸிடம் கொடுக்கலாம், கொடுப்பதுபோல் காட்டித் தானே வைத்துக்கொண்டு நடுவில் பாயலாம், அல்லது எறியலாம். மயாமியிடம் அன்று பெரிய பெயர் பெற்ற பந்து பிடிப்பவர்கள் இல்லை. இரண்டு நல்ல ஓட்டக்காரர்கள் இருந்தார்கள். ஒருவர் ஆடும்போது மற்றவர் வெளியே உட்கார வேண்டியிருந்தது. இருவரையும் ஒரே நேரத்தில் களத்தில் வைக்க வழி கண்டதுதான் இந்த உத்தியின் அழகு என்பேன்.

ஆட்டத்தை நண்பர் ஒருவர் வீட்டில் பார்த்தேன். என்னைத் தவிர எல்லோரும் பேட்ரியாட்ஸ் பக்கம். எல்லைக்கோட்டுக்கு இரண்டு கெஜம் இருக்கும்போது குவார்ட்டர்பேக் சாட் பெனிங்டன் தன் இடத்தை விட்டு ஓரத்துக்குப் போனார். "அவர் ஏன் அங்கே போய் நிற்கிறார்?" என்று யாரோ கேட்டு முடிப்பதற்குள் பந்து பிரவுன் கைக்கு வந்து, வில்லியம்ஸ் அவரை உரசிக்கொண்டு கடந்து, பிரவுன் எல்லைக்குள் போய்விட்டார். அடுத்து ஐந்து கெஜ ஓட்டம் ஒன்று. பிறகு அதே அணிவகுப்பில், இன்னும் ஓர் ஓட்டம் என்று எல்லோரும் முன்னே பாய்ந்தபோது, பிரவுன் நிதானமாக இடது கையால் 19 கெஜ தூரத்துக்கு எறிந்தார். ஆண்டனி ஃபசானோ பிடித்தார். அறையில் பேச்சு நின்றுபோனது அப்போதுதான். ஆட்டத்தின் பிற்பகுதியில் பிரவுன் 62 கெஜம் ஓடினாரே, அதில் ஒருவர் கைகூட அவர்மேல் சரியாகப் படவில்லை.

வைல்ட்கேட்டை அன்று ஆறே முறைதான் பயன்படுத்தினார்கள். அதில் நான்கு டச்டவுன்கள், அதாவது பந்தை எல்லைக்குள் சேர்த்துப் புள்ளி எடுத்தவை. வழக்கமான முறையில் ஓடி எடுத்ததையும் சேர்த்தால், பிரவுன் ஓடி எடுத்தவை நான்கு, எறிந்து கொடுத்தது ஒன்று. 2007 அக்டோபரில் இதே பேட்ரியாட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் தசைநார் அறுந்து பருவத்தையே இழந்தவர் அவர். பதினொரு மாதம் கழித்து அதே அணிக்கு எதிராக இப்படி ஓடினார்.

எல்லோரும் பிரவுனைப் பேசுகிறார்கள். எனக்குப் பெனிங்டன்மேலும் தனி மரியாதை உண்டு. ஆகஸ்டில் பிரெட் ஃபாவ்ர் என்ற பிரபல குவார்ட்டர்பேக்கை வாங்கியதும் ஜெட்ஸ் அணி அவரை விடுவித்துவிட்டது. எட்டுப் பருவங்கள் உழைத்த இடம். அப்படி வந்தவரிடம், மூன்றாவது ஆட்டத்திலேயே, "முக்கியமான நேரத்தில் நீங்கள் ஓரமாகப் போய் நில்லுங்கள்" என்று சொல்கிறார்கள். முகம் சுளிக்காமல் போய் நின்றார். மற்ற நேரத்தில் 20 பந்துகள் எறிந்து 17ஐச் சரியாகச் சேர்த்தார்.

"பிராடி இல்லையே" என்பார்கள். உண்மைதான், பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அவர் விலகியிருந்தார். மாற்று வீரர் மேட் கேசல்தான் ஆடினார். ஆனால் பிராடி தடுப்பாட்டம் ஆடுகிறவர் அல்ல. மயாமி 38 புள்ளிகளை எடுத்தது வின்ஸ் வில்ஃபோர்க், ரிச்சர்ட் சீமோர், மைக் வ்ரேபல், டெடி புருஸ்கி ஆகியோர் இருந்த தடுப்பணிக்கு எதிராக. அதுவும் எதிராளியின் உத்தியைப் படித்து முறியடிப்பதில் பெயர்பெற்ற பெலிசிக்கின் கண்ணெதிரே. பிராடி இருந்திருந்தால் பேட்ரியாட்ஸ் இன்னும் சில புள்ளிகள் எடுத்திருக்கலாம். பிரவுனை யார் பிடித்திருப்பார்கள்?

பேட்ரியாட்ஸ் அன்று வரை லீக் ஆட்டங்களில் தொடர்ந்து 21 வெற்றி பெற்றிருந்தது. அந்தத் தொடர் ஆரம்பிப்பதற்கு முன் அவர்கள் கடைசியாகத் தோற்றது 2006 டிசம்பரில், மயாமியிடம் 21-0 என்று. முடித்துவைத்ததும் மயாமியே.

பிறகு நடந்தவை: நவம்பரில் பேட்ரியாட்ஸ் மயாமிக்கு வந்து 48-28 என்று பதிலடி கொடுத்தது. அதற்குள் வைல்ட்கேட்டை மற்ற அணிகளும் எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தன; எதிர்கொள்ளும் வழியையும் கற்றுக்கொண்டன. ஆனாலும் டால்ஃபின்ஸ் சரியவில்லை. பருவத்தின் கடைசி நாளில், பெனிங்டன் தன்னை அனுப்பிவிட்ட ஜெட்ஸ் அணியை அவர்கள் ஊரிலேயே 24-17 என்று வென்று பிரிவுப் பட்டத்தைக் கொண்டுவந்தார். டால்ஃபின்ஸ் 11-5, பேட்ரியாட்ஸும் 11-5. சமநிலையைத் தீர்க்கும் விதிப்படி பட்டம் மயாமிக்கு. பேட்ரியாட்ஸுக்கு அடுத்த சுற்றில் இடமே கிடைக்கவில்லை. 2003 முதல் 2019 வரையிலான 17 பருவங்களில் அந்தப் பிரிவில் பேட்ரியாட்ஸ் அல்லாத அணி பட்டம் வென்றது அந்த ஒரு முறைதான். அடுத்த சுற்றில் பால்டிமோரிடம் 27-9 என்று டால்ஃபின்ஸ் தோற்றது வருத்தமே. ஆனாலும் ஒரு வெற்றியிலிருந்து பதினொரு வெற்றிக்கு ஒரே ஆண்டில் ஏறிய அணி அது.

ஸ்பரானோ 2018 ஜூலையில், 56 வயதில் காலமானார். பெரிய கோப்பை எதையும் அவர் வென்றதில்லை என்பதால் பலர் அவரை மறந்துவிட்டார்கள். அரிசோனாவில் அப்படி அடி வாங்கிய அன்றே, குறைகூற ஆள் தேடாமல் அடுத்த வாரத்துக்கு வழி தேடிய மனிதர் அவர். எனக்கு அவர் மறக்கவில்லை.

இந்த ஆட்டத்தின் சுருக்கக் காணொளி கிடைத்தால், பந்தை விட்டுவிட்டு ஒரு முறை ரிக்கி வில்லியம்ஸை மட்டும் பாருங்கள். கையில் எதுவும் இல்லாமல் அவர் குறுக்கே ஓடும்போது பேட்ரியாட்ஸ் தடுப்பாளர்களின் கால்கள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று கவனியுங்கள். பிரவுனுக்கு வழி எப்படித் திறந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.