கார்டு அண்ணனுடையது என்றால் தேய்ப்பதும் அவராகவே இருக்கட்டும்

தம்பி, கோலாலம்பூர் வந்து மூன்று வாரம் ஆகிறது, செந்தூலில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் தன் கிரெடிட் கார்டையும் பின் நம்பரையும் கொடுத்து "ஃபிரிட்ஜ் வாங்கு, மனைவிக்கு டிக்கெட் போடு, பணத்தை மெதுவாகக் கொடு" என்கிறார், அவரே அனுமதித்த பிறகு பயன்படுத்தினால் தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கார்டைக் கையில் வாங்காதீர்கள். அண்ணனுக்குப் பெரிய மனசு, ஆனால் அவர் தரும் அனுமதி உங்கள் இருவருக்குள்தான் செல்லும். பின் நம்பரை யாரிடமும் சொல்ல மாட்டேன், கார்டை அடுத்தவரிடம் கொடுக்க மாட்டேன் என்று வங்கியிடம் ஒப்புக்கொண்டுதான் அவர் அதை வாங்கியிருக்கிறார். ஏதாவது நடந்தால் வங்கி அவரைத்தான் பிடிக்கும்.

இது எனக்கே நடந்தது. 2018இல் வந்த புதிதில் மாமா ஒருவர் இப்படித்தான் கொடுத்தார். மஸ்ஜித் இந்தியா பக்கம் சாமான் வாங்கப் போன இடத்தில் பர்ஸோடு தொலைத்துவிட்டேன், எங்கேயாவது வீட்டில்தான் இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்து மறுநாள்தான் அவரிடம் சொன்னேன். இங்கே 250 ரிங்கிட் வரை பின் நம்பர் இல்லாமல் கார்டைக் கடை இயந்திரத்தில் தட்டிவிட்டே வாங்கலாம், அதற்குள் யாரோ மூன்று இடத்தில் தட்டியிருந்தார்கள். வங்கியில் கேட்ட முதல் கேள்வி, கார்டு யார் கையில் இருந்தது என்பது. மாமா பொய் சொல்லவில்லை. பணம் திரும்பி வரவில்லை, நான் மாதாமாதம் கொடுத்து அடைத்தேன். அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அதுதான் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

சரி, உதவியே வேண்டாமா? வேண்டும், ஆனால் அவர் செய்யட்டும். கடைக்கு அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். 2017 ஜூலையிலிருந்து இங்கே கையெழுத்து கிடையாது, பின் நம்பர்தான், அதை அவர் அழுத்தட்டும். டிக்கெட்டையும் அவர் போனில் அவரே போடட்டும், ஒப்புதல் கேட்டு வருவதும் அவருக்குத்தானே. ஹோட்டலில் சில சமயம் பணம் கட்டிய கார்டைக் காட்டச் சொல்வார்கள், அதனால் ஹோட்டல் எடுப்பதாக இருந்தால் அதை மட்டும் உங்கள் டெபிட் கார்டிலேயே பாருங்கள்.

அப்புறம், "மெதுவாகக் கொடு" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பில் தேதிக்கு முன்பே டூயிட்நவ்வில் (போனிலேயே வங்கிக் கணக்குக்கு உடனே பணம் அனுப்பும் வசதி) முழுத்தொகையும் அனுப்பிவிடுங்கள். பாக்கி நின்றால் ஆண்டுக்கு 15 முதல் 18 சதவீதம் வட்டி, அதோடு மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கடன் பதிவில் நிற்பது அவர் பெயர். நாளை அவர் வீட்டுக் கடன் கேட்டுப் போனால் அங்கே அதைத்தான் பார்ப்பார்கள்.

நீண்ட நாளைக்கு வேண்டுமென்றால் அவர் கணக்கிலேயே உங்கள் பெயர் போட்ட துணைக் கார்டு எடுத்துத் தரச் சொல்லலாம், வருடத்துக்கு 25 ரிங்கிட் வரி. பின் நம்பர் உங்களுடையதாக இருக்கும், ஆனால் அதிலும் கடன் அவர் தலையில்தான். சொந்தக் கார்டுக்கு ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 ரிங்கிட் இருக்க வேண்டும். வேலை பெர்மிட்டைப் பார்த்துத் தயங்குகிற வங்கியில், நிரந்தர வைப்பு போட்டு அதன்மேல் கார்டு கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

அண்ணன் மனம் நோகுமோ என்று யோசிக்க வேண்டாம். "அண்ணே, எனக்குக் கடை தெரியாது, நீங்களே வந்து வாங்கிக் கொடுங்கள்" என்று கூப்பிடுங்கள், வந்துவிடுவார்.