டெட் சான்றிதழைப் ‘புதுப்பிக்க’ எட்டாயிரம் ரூபாயா?

கேள்வி: 2013-இல் ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) இரண்டாம் தாளில் தேர்ச்சி பெற்றேன். சான்றிதழ் ஏழு ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்கிறார்கள். எட்டாயிரம் ரூபாய் கொடுத்தால் புதுப்பித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? 2004-இல் அரசுப் பள்ளியில் சேர்ந்த என் அக்கா 2029-இல் ஓய்வு பெறுகிறார். அவரும் டெட் எழுத வேண்டுமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். டெட் சான்றிதழைப் புதுப்பிப்பது என்று ஒரு வேலையே கிடையாது. ஏழு ஆண்டு என்பது பழைய விதி. 2011 முதல் தேர்ச்சி பெற்ற எல்லாருக்கும் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று மத்திய கல்வி அமைச்சகம் 2021 ஜூன் 3-இல் அறிவித்துவிட்டது. உங்களுடையதும் அதில் அடங்கும்.

இந்தத் தரகர்களை நான் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். ஒரு பெண் கொண்டுவந்த சான்றிதழில் ஊதா மையில் வட்ட முத்திரை, அதற்குள் ‘2027 வரை நீட்டிப்பு’ என்று பேனா எழுத்து. முத்திரை சரியாகப் பதிவு எண்ணின் மேலேயே விழுந்து கடைசி மூன்று இலக்கங்களை மறைத்துவிட்டது. பணமும் போய், செல்லுபடியாகும் சான்றிதழும் சந்தேகத்துக்குரிய காகிதமாகிவிட்டது. அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், போட்டோ எடுத்துக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு. இரண்டையும் குழப்பித்தான் காசு பார்க்கிறார்கள். அதையும் இணையத்தில் நீங்களே கட்டணமில்லாமல் செய்துகொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் உயிரோடு இருந்தால் வேலை வந்துவிடாது. 2018-இல் வந்த 149-ஆம் எண் அரசாணைப்படி, டெட் முடித்தவர்களும் அரசுப் பணிக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும். தகுதி இருக்கிறது என்று அரசே சான்றிதழ் கொடுத்துவிட்டு, பல வருடம் காக்க வைத்து, மறுபடி தேர்வறையில் உட்கார வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தரகர்கள் பிழைப்பதே இந்தக் காத்திருப்பில்தான். ‘சீனியாரிட்டியில் பெயரை மேலே ஏற்றுகிறேன்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

சரி, அக்கா விஷயத்துக்கு வருவோம். பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் டெட் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-இல் தீர்ப்பளித்தது. கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன்பே சேர்ந்தவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தது. ஆனால் அன்றைய தேதியில் ஓய்வு பெற ஐந்து ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர்கள் டெட் இல்லாமலே ஓய்வு வரை பணியில் தொடரலாம். ஐந்து ஆண்டைத் தீர்ப்பு நாளிலிருந்துதான் எண்ண வேண்டும், பணியில் சேர்ந்த நாளிலிருந்து அல்ல. இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். 2030 ஆகஸ்டுக்குள் ஓய்வு பெறுபவர் தப்பித்தார், அதே ஆண்டு அக்டோபரில் ஓய்வு பெறுபவர் எழுதியாக வேண்டும். இரண்டு மாத வித்தியாசம்தான், என்ன செய்வது, கோடு அங்கே விழுந்திருக்கிறது. உங்கள் அக்கா 2029 என்பதால் வேலைக்குப் பாதிப்பில்லை. பதவி உயர்வு வேண்டுமென்றால் மட்டும் அவரும் டெட் தேர்ச்சி பெற வேண்டும். எதற்கும் பணிப்பதிவேட்டில் பிறந்த தேதி சரியாக ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். ஓய்வு நாளை முடிவு செய்வது அந்தத் தேதிதான்.